எந்த மூடி எந்தத் தட்டுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாம் மாடியிலிருந்து கேட்ட கூச்சலுக்குக் காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். நுண்ணோக்கி அறையின் வாசலில், கையுறை போட்ட இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி, அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பாம்பா?"

"இல்லண்ணா, நெஞ்சு! தடுமாறாம அடிக்குது!"

காவலாளி தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அறையில் வேறு யாரும் இல்லை. நிறையப் படித்தால் இப்படியும் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்தபடி இறங்கிப் போனார்.

ஆய்வகத்தில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். நாளடைவில் அது தேய்ந்து வெறும் குடுக்கை ஆகிவிட்டது. தேநீர் கொதிப்பதற்குள் இறக்கிவிடுவாள்; லிஃப்ட் வருவதற்குள் பாதி மாடி ஏறியிருப்பாள். ஆனால் செல் வளர்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. செல்களுக்கு ஞாயிறும் கிடையாது, விடுமுறையும் கிடையாது. பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதிய திரவம் ஊற்றாவிட்டால் வாடிப்போகும். "கட்டிக்கிட்டது என்னை, சோறு போடுறது அந்தத் தட்டுக்கு" என்று அவள் கணவன் சொல்லாத ஞாயிறு இல்லை.

தட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிளாஸ்டிக் வட்டம், அதற்கொரு மூடி. உள்ளே இருந்ததுதான் பெரிது. நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணிடமிருந்து கொஞ்சம் ரத்தம் வாங்கி, அதிலிருந்த செல்களைப் பின்னோக்கி நடத்தி, எதுவாகவும் ஆகக்கூடிய கருப்பருவத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 'இதயமாகு, கண்ணே இதயமாகு' என்று மாதக்கணக்கில் தாஜா பண்ணி வளர்த்த தசை அது. ஒருநாள் அது தானாகவே துடிக்க ஆரம்பித்தபோது குடுக்கை அழுதுவிட்டாள்.

டிரைவரக்கா என்றுதான் ஆய்வகத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணைச் சொல்வார்கள். அவள் இதயத்தை எந்தப் படம் எடுத்துப் பார்த்தாலும் பழுதில்லை. சும்மா இருக்கும்வரை ஒழுங்காகத்தான் அடித்தது. ஓடினாலோ பயந்தாலோ சந்தோஷப்பட்டாலோ உடம்பில் ஊறும் ஹார்மோன் பட்டதும் தாளம் தப்பும், அவள் விழுவாள். பணிமனை வாசலில் ஒருமுறை அப்படி விழுந்ததோடு பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவளுடன் பிறந்த அக்கா ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்தபடியே பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்தவள். சிரிப்புத் தாங்காமல் முகத்தை மறைத்துக்கொள்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்; அவள் பிறகு எழவேயில்லை. டிரைவரக்காவின் மரபணுவைப் படித்ததில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்படியொரு மாற்றம் அதுவரை யாரிடமும் பதிவாகியிருக்கவில்லை. தினம் ஒரு மாத்திரை அரைகுறையாகத் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மருந்து உண்டு. இந்த வகை இதயங்கள் சிலவற்றை அது காப்பாற்றும். சிலவற்றை அதுவே கவிழ்த்துவிடும். இவளுடையது எந்த ரகம்? "தட்டு என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று இதய மருத்துவர் காத்திருந்தார்.

அதுவரை அந்த வீட்டில் சந்தோஷத்துக்குத் தடை உத்தரவு. மகள் பரீட்சையில் தேறியதைக்கூட அம்மாவிடம் காதோடு காதாக, நாள் கடத்தித்தான் சொன்னார்கள்.

அன்று காலை குடுக்கை இரண்டு தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் மருந்து விட்டாள், மற்றதைச் சும்மா வைத்தாள். பிறகு இரண்டிலும் அந்த ஹார்மோனை விட்டாள். ஒரு தட்டு தடுமாறியது. மற்றொன்று வேகம் பிடித்தாலும் அச்சுப் பிசகாமல் அடித்தது. அதன் மூடியில் 'மருந்து' என்று அவள் கையெழுத்து. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வகத் தலைவியான மேடத்துக்கு ஃபோன் செய்தாள். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இராமல் டிரைவரக்கா வீட்டுக்கும் அடித்துவிட்டாள்.

"உடனே வாங்கண்ணா! கண்ணால பாருங்க!"

"மெதுவா சொல்லும்மா" என்றது அக்காவின் கணவர் குரல். "அவ பக்கத்துலதான் இருக்கா."

மேடத்துக்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். டிரைவரக்கா அகன்ற தோள்களும் அடக்கிவைத்த முகமுமாக இருந்தாள். மூன்று மாடிக்கும் லிஃப்டில் வந்தும் கணவர் அவள் முழங்கையை விடவில்லை. குடுக்கை நுண்ணோக்கியைத் திரையோடு இணைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு சுருங்கி விரிந்தது.

"இதுவா என் நெஞ்சு?"

"உங்களுதேதான்க்கா."

"என்னை விட்டுட்டு தனியா குடித்தனம் நடத்துதே" என்றாள் அக்கா. சிரிப்பு வரப்போகும் இடத்தில் உதட்டை மடித்துக்கொண்டாள். அந்த மடிப்பு அவளுக்குப் பழகியிருந்தது. குடுக்கைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மேடம் வந்தார். யாரையும் பாராட்டுமுன் எதையாவது சோதிக்கும் மனிதர். திரையைப் பார்த்தார், பிறகு தட்டைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அடுத்த தட்டின் அடியையும் பார்த்தார்.

"அடியில ஒண்ணும் எழுதலையே."

"மூடியில எழுதியிருக்கேன் மேடம்."

"ஹார்மோன் விடும்போது ரெண்டு மூடியையும் ஒண்ணாவா திறந்தே?"

குடுக்கை இரண்டு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டையும் ஒன்றாகத்தான் திறந்தாள். பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். திரும்ப மூடியபோது எதை எதற்குப் போட்டாள்? வந்து சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கும் பாடம்: மூடி ஊர் சுற்றும், எழுதினால் அடியில் எழுது. எத்தனை பேருக்கு அவளே அதைச் சொல்லியிருக்கிறாள்! மூடி மாறியிருந்தால், தடுமாறுகிறதே, அதுதான் மருந்து குடித்த தட்டு.

"அப்படின்னா?" என்றார் கணவர்.

மேடம் ஒளிக்கவில்லை. "மருந்து காப்பாத்துதா, கெடுக்குதான்னு இப்ப எங்களுக்குத் தெரியாது."

"தப்பு என்னோடதுதான்க்கா" என்றாள் குடுக்கை. "நாளைக்குப் புதுத் தட்டு வச்சு முதல்லேர்ந்து..."

"அதையும் செய்யத்தான் போறே" என்றார் மேடம். "இப்ப இதைப் பாரு. தடுமாறுற தட்டுல மருந்தை விடு. அது இதுவரைக்கும் மருந்து காணாத தட்டா இருந்து, மருந்தும் நல்லதுன்னா, தாளம் திரும்பணும். ஏற்கெனவே மருந்துதான் கெடுத்திருக்குன்னா, இன்னும் கெடும்." பிறகு டிரைவரக்காவிடம் குரலைத் தணித்தார். "நீங்க வெளியில உட்காருங்கம்மா. பதட்டம் ஆகாது."

"வெளியில உக்காந்தாத்தான் பதறும். என் நெஞ்சு இங்க இருக்கு, நான் அங்க இருக்கவா?" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கெட்டா இந்தத் தட்டோட போகட்டும். அதுக்குத்தானே வளர்த்தீங்க. ஊத்தும்மா."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறியே பழகியவள் என்ன செய்வாள்? குடுக்கை முதலில் இரண்டு தட்டுகளின் அடியிலும் அடையாளம் எழுதினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக, சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டாள்.

திரையில் திட்டு துடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. பிறகு இரண்டு, ஒன்றின் குதிகாலை ஒன்று மிதிப்பதுபோல. மறுபடி இடைவெளி. எதுவும் மாறவில்லை. கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்னும் இரண்டு, ஒட்டி ஒட்டி. அப்புறம் திட்டு நின்றுவிட்டது.

கொன்றுவிட்டோம் என்று குடுக்கை நினைத்தாள்.

ஒரு துடிப்பு வந்தது. தனியாக வந்தது. அடுத்தது வந்தது. அடுத்தது. யாரும் யாரையும் மிதிக்கவில்லை. மேடத்தின் விரல் தன்னையறியாமல் மேசையில் தாளம் போட்டது. ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் ஒரு சுருக்கம் சரியாக வந்து விழுந்தது.

"இது தட்டு" என்றார் மேடம். "உடம்பு வேற. இன்னும் எத்தனையோ பார்க்கணும். இதை வச்சு யாரும்..." பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்னாச்சு? சொல்லுங்களேன்" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் கணவர்.

பதில் சொன்னது சிரிப்புதான். முதலில் அது டிரைவரக்காவின் மடித்த உதட்டுக்குள் முட்டிக்கொண்டு நின்றது. அவள் கையால் வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. பிறகு கை மடியில் விழ, அவள் சிரித்தாள். அந்தச் சின்ன அறை கொள்ளாமல், கண்ணில் நீர் வழிய, பேருந்து நிலையத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற சிரிப்பு.

மூன்று பேரும், திரையையும் சுவரையும் விட்டுவிட்டு, அவள் முகத்தையே பார்த்தார்கள். மெதுவா என்று யாரும் சொல்லவில்லை.