நூற்றெண்பது கிளினிக், ஒரே பாஸ்வேர்டு

கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் கம்பெனியில் அக்காவுக்குப் பன்னிரண்டு வருட வேலை. காலையில் வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பாளர் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், நேத்து சாயங்காலம் உங்க ஆளுங்க எங்க சிஸ்டத்துக்குள்ள வந்தாங்களா? சர்வீஸ் லாகின்னு காட்டுது. ஒரே ஒரு குழந்தையோட ஃபைலைத்தான் திறந்திருக்காங்க."

அக்கா குழந்தையின் பெயரைக் கேட்டாள். தங்கையின் மகள். அடித்தே கொன்றுவிடுவான் என்று புருஷனிடமிருந்து தப்பி, நான்கு மாதமாகத் தங்கை அந்தக் கிளினிக் இருக்கும் ஊரில் ஒளிந்திருக்கிறாள். விலாசம் சொந்தபந்தத்தில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அது அந்த ஃபைலிலும் இருந்தது.

நுழைந்தது யாரென்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கம்பெனி ஆட்கள் ரிப்பேர் பார்க்க உள்ளே நுழையும் சர்வீஸ் பாஸ்வேர்டு, நூற்றெண்பது கிளினிக்குகளுக்கும் ஒன்றேதான். தெரிந்தவன் வீட்டில் உட்கார்ந்தே எல்லாக் கிளினிக்கிலும் பெயரைத் தேடி எந்த ஃபைலையும் திறக்கலாம். மாற்றச் சொல்லி ஆபீஸில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். "அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்ப்பா, பல்லு எக்ஸ்ரேயை எவன் திருடப்போறான்?" என்று கேலி செய்தவள் சாட்சாத் இவளேதான். அதோடு விட்டாளா? அந்த நூற்றெண்பதில் ஒரு கண் கிளினிக்கில் வேலை பார்த்த தங்கை புருஷன், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டம் நின்றுவிட்டதென்று கூப்பிட, நம் வீட்டு மாப்பிள்ளைதானே என்று போனிலேயே பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தாள், மகராசி!

உடனே தங்கையைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.

"குளிச்சிட்டிருந்தேன்க்கா. என்ன அவசரம்?"

"பாப்பாவைத் தூக்கிட்டுப் பின்பக்கமா ஓடு! அவனுக்கு உன் விலாசம் தெரிஞ்சுபோச்சு. எதையும் எடுக்காதே, ஓடுடி!"

தங்கை போனை அணைக்கவில்லை. குழந்தை வீறிட்டது. எங்கோ ஒரு கதவை யாரோ தடதடவென்று இடித்தார்கள். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கடவுளே, கடவுளே" என்றாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பஸ் உறுமும் சத்தம் கேட்டது.

"ஏறிட்டோம்." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "வாசல்ல அவன் குரல்தான்க்கா. எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?"

அக்கா மறைக்கவில்லை. பாஸ்வேர்டு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்கடி இறங்குவே? நான் உடனே வந்துடறேன்."

"வேணாம்க்கா," என்றாள் தங்கை. "உன்கிட்ட சொன்னா அவன்கிட்ட சொன்ன மாதிரிதான்."