ஒன்றரை அங்குலம்

சுருளியாண்டியின் குதிரை ஒன்றரை அங்குலம் அதிகமாக வளர்ந்துவிட்டது. கொள்ளு, தவிடு, தன் பங்கு முட்டை எல்லாவற்றையும் அதற்குப் போட்டு வளர்த்தவன் அவனே என்பதால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

பெரியகுளத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வருடாவருடம் தை மாதக் கடைசி ஞாயிறு புதுக்குதிரை ஓட்டம் நடக்கும். மலைமேல் இருக்கும் எஸ்டேட்டுகளுக்கு ரோடு கிடையாது. காப்பிக்கொட்டை கீழே வருவதும் அரிசி மேலே போவதும் குதிரை முதுகில்தான். வழியில் மரம் விழுந்து கிடந்தால் தாண்டத் தெரிய வேண்டும். அதனால் ஓட்டத்தில் ஐந்து இடத்தில் தடை வைப்பார்கள். இதுவரை சுமை தூக்காத இளங்குதிரைகள் மட்டும் ஓடலாம். உயரம் நாற்பத்து நான்கு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், பத்து வருடம் மலையேறிய தடியர்களோடு பெரிய குதிரை வரிசையில் ஓட வேண்டும். அதில் புதுக்குதிரை எதுவும் ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை. முதல் மூன்று இடத்துக்கு ஒரு வருடச் சுமை வேலை நிச்சயம்.

சுருளியாண்டிக்கு அந்த வேலை தேவைப்பட்டது. திருப்பூரில் சாயப்பட்டறையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது அவன் நகங்கள் ஊதாவாக இருந்தன. நெஞ்சில் ஓர் இருமலும் இருந்தது. நகத்தை வெட்டிவிட்டான். இருமல் அப்படியே இருந்தது. சுமை கிடைத்தால் ஊரோடு இருப்பான். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை திருப்பூர் பஸ். இதை அவன் அம்மா மாயக்காள் முடிவு செய்து, பட்டறைக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டாள்.

உயரம் அளப்பதற்கென்று ஓட்டக் கமிட்டியிடம் ஒரு மூங்கில் வாசல் உண்டு. இரண்டு கால், குறுக்கே ஒரு கழி. கழி முதுகில் இடிக்காமல் குதிரை உள்ளே நுழைந்து வெளியே வந்தால் தேர்ச்சி.

அவன் கூட்டாளியான நான் அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். மணியடித்துச் சோறு போட்டால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று உளவியல் பாடத்தில் படித்திருந்தேன். அந்தத் தாளில் என் மதிப்பெண் முப்பத்தொன்று. ஆனாலும் யோசனை சொன்னேன்.

"மாப்ள, மூங்கிலப் பாத்தா பதுங்குற மாதிரிப் பழக்குவோம். பதுங்குனா ஒரு கருப்பட்டித் துண்டு."

"குதிரை பதுங்குமாடா?"

"ஒங்கம்மாவப் பாத்தா நீ பதுங்கல?"

நாற்பது நாள் பழக்கினோம். அவன் தோட்டத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, இடுப்பை அமுக்கி, கருப்பட்டி கொடுத்தோம். இருபதாம் நாள் அமுக்கத் தேவைப்படவில்லை. முப்பதாம் நாள், மூங்கிலைக் கண்டாலே பின்னங்காலை மடித்துத் தாழ்ந்து, தலையை அவன் சட்டைப்பைப் பக்கம் திருப்பியது. தாண்டுவதற்குத் தனியாக, ஓட்டத்தில் வருடாவருடம் வைக்கிற மாதிரி யூக்கலிப்டஸ் கட்டைகளைப் போட்டுப் பழக்கினோம். அதிலும் அது கெட்டிக்காரன். படித்துப் பாஸான முதல் மாணவனைப் பார்க்கும் வாத்தியார் மாதிரி நான் திரிந்தேன்.

ஞாயிறு காலை மூங்கில் வாசலுக்குள் அது ஒரு கல்யாண வீட்டு மாமனைப் போலக் குனிந்து போய் வந்தது. ஏழாம் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டப் பாதைக்கு நடத்திப் போனோம். இரு பக்கமும் முள்வேலி, நடுவே ஐந்து தடை. ஐந்தும் சுண்ணாம்பு பூசிய மூங்கில்.

"மாப்ள, கட்டையெல்லாம் எங்கடா?" என்றான் சுருளியாண்டி.

எஸ்டேட் கங்காணி பொன்னுராஜ் அங்கே நின்றிருந்தார். அவரிடம் ஓடினேன்.

"போன வருசம் கட்டையில மோதி ஒரு குட்டிக்குக் கால் போச்சுல்ல? கமிட்டியில எல்லாருமாச் சொன்னாக, பாவம், மூங்கில் வைங்கன்னு. தட்டுனா விழுந்துரும், காயம் ஆகாது."

"பழையபடி கட்டையவே வைக்கலாம்ணே."

"ஏன்டா, மூங்கில்னா ஒங்க குதிரைக்கு அலர்ஜியா?"

காரணத்தைச் சொன்னால் அளந்தது செல்லாது. சொல்லாவிட்டால் ஐந்து மூங்கில். நான் சுருளியாண்டியைப் பார்த்தேன். அவன் குதிரையின் முதுகில் சாக்கை விரித்து ஏறிக்கொண்டான்.

"ஓட்டத்துல மறந்தாலும் மறந்துரும்டா," என்றான்.

மறக்கவில்லை. கொடி விழுந்ததும் ஏழு குதிரைகளில் அதுதான் முன்னால் பாய்ந்தது. மற்றவற்றைப் பத்துப் பதினைந்து அடி பின்னால் விட்டு ஓடிவந்தது. முதல் மூங்கிலுக்கு முன்னால் நின்றது. பின்னங்காலை மடித்தது. வயிறு தரையில் படும்வரை தாழ்ந்து, தலையைத் திருப்பியது. மற்ற ஆறும் இரு பக்கமும் தாண்டிப் போயின.

"ஏழாம் நம்பரு சாமி கும்பிடுதப்பா!" என்றது மைக். கூட்டம் விசிலடித்தது.

சுருளியாண்டி இறங்கினான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்துக் கொடுத்தான். பிறகு கழியை ஒரு முனையில் இறக்கிவிட்டுக் குதிரையை நடத்திக் கடத்தினான். கழியில் கை வைத்தாலே தள்ளுபடி. ஆனால் வேலிக்கு வெளியே வர வழி ஓட்டப் பாதையின் அந்தக் கடைசியில்தான் இருந்தது. அதனால் மீதி நான்கையும் கடந்தாக வேண்டும். நான்கிலும் அது உட்கார்ந்தது. கருப்பட்டி மூன்றோடு தீர்ந்தது. கடைசி இரண்டுக்கு வெறும் உள்ளங்கையை நீட்டினான். அது நக்கிக்கொண்டது. மைக் அதற்குள் மந்திரமே சொல்ல ஆரம்பித்திருந்தது.

"நல்ல ஓட்டந்தான்டா," என்றார் பொன்னுராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரித்ததில் வந்த கண்ணீர். "ஆனா மலையில மரம் விழுந்த எடத்துல ஒக்காந்து கும்பிட்டா காப்பிக்கொட்டையை யாரு தூக்குறது?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சுருளியாண்டி என் தோளை இழுத்தான்.

"விடுடா. சொன்னா வேல குடுத்துருவாகளா?"

"அடுத்த வருசம் திருத்திருவோம் மாப்ள."

"அடுத்த வருசம் இன்னும் ஒசந்துருக்கும்," என்று இருமினான்.

திங்கட்கிழமை காலை தேவதானப்பட்டிக்கு அருகே ஒரு செங்கல் சூளைக்குக் குதிரையை விற்கக் கொண்டுபோனோம். அங்கே ஒன்பது கழுதைகள் இருந்தன. சூளைக்காரர் கருத்தக்கண்ணன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முதுகை அமுக்கிப் பார்த்தார். அமுக்கியதும் அது தாழ்ந்தது.

"என்னப்பா, நோஞ்சானா?"

"இல்லண்ணே. பலமாத்தான் இருக்கு."

"கெட்ட பழக்கம் ஏதும் இருக்கா?"

சுருளியாண்டி அதன் பிடரியைத் தடவினான்.

"இல்லண்ணே. சொல்லிக் குடுத்தத மறக்காது."

பெரியகுளத்துக்குத் திரும்பினோம். திருப்பூர் பஸ் பத்தரைக்கு வந்தது. திண்டுக்கல் வரை நானும் ஏறினேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரம் காலியாக இருந்தது. சுருளியாண்டி என்னை அதில் தள்ளிவிட்டு உள்பக்கம் உட்கார்ந்துகொண்டான். பஸ் போகிற வழியில், அந்த ஜன்னல் பக்கம் ரோட்டோரம்தான் சூளை இருக்கிறது.