நின்ற வண்டியின் புகை

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புகையக்கா. அவள் வாயில் சிகரெட்டைக் கண்டவர் யாருமில்லை. கம்பெனி லாரிகள் குடித்த டீசலைக் கணினியில் ஏற்றி, இந்தப் பகுதியில் மாதம் எத்தனை டன் கரியமில வாயு விட்டோம் என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. முதல் வருடம் அந்த எண்ணைப் பார்த்தால் அன்றிரவு தூக்கம் வராது. ஏழு வருடமாகிவிட்டது. இப்போது மரத்துப்போன காலைக் கிள்ளினாற்போல, ஒன்றும் ஆவதில்லை.

இந்த மாதம் மேனேஜரே அவள் மேசைக்கு வந்துவிட்டார்.

"சரக்கும் கூடல, தூரமும் கூடல. புகை மட்டும் மூணு வருஷமா கூடுதலாவே இருக்கேம்மா! வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லணும். இல்லேன்னா பழைய வண்டிதான் காரணம்னு இருபது வண்டியையும் நிறுத்திடுவாங்க."

அந்த இருபதில் ஒன்றை ஓட்டுபவன் அவள் தம்பி. வண்டி போனால் வேலையும் போச்சு. அவன் பெண்டாட்டிக்கோ நிறைமாதம். கூடப் பிறந்தவளுக்கு அடிவயிறு பதறியிருக்க வேண்டாமா? "சரிங்க சார்" என்றாள், அவ்வளவுதான். நீயெல்லாம் ஒரு அக்காளா என்று தன்னைத்தானே திட்டியும் பார்த்தாள். அதிலும் சூடில்லை.

வண்டிகளில் பொருத்திய கருவியின் பதிவுகளைக் குடைந்தபோது விஷயம் பிடிபட்டது. சக்கரம் சுற்றாமல் இஞ்சின் மட்டும் ஓடிய நேரம், வண்டிக்குத் தினம் நாலு மணி. பழைய வண்டி, புது வண்டி என்ற பேதமே இல்லை. எல்லாம் ஒரே இடத்தில், கம்பெனிக் கிடங்கு வாசலில்.

மறுநாள் மதியம் நேரில் போனாள். முப்பது லாரிகள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. ஒன்றும் நகரவில்லை. எட்டாவது வண்டியில் தம்பி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நிக்கிற வண்டிக்கு எதுக்குடா இஞ்சின்?"

"ஆஃப் பண்ணா நம்மளத் தாண்டி அடுத்த வண்டியக் கூப்பிட்டுடுவாங்கக்கா. அப்புறம் கடைசியில போய் நிக்கணும்."

"எந்தப் புண்ணியவான் போட்ட சட்டம்டா இது?"

"வாட்ச்மேனைக் கேளு. அந்தக் காகிதத்தைச் சாமி படம் மாதிரி ஒட்டி வச்சிருக்காரு."

வாட்ச்மேன் அறைக் கண்ணாடியில் அது மஞ்சளாகிக் கிடந்தது. 'இஞ்சின் ஓடாத வண்டி வரிசையில் இல்லாததாகக் கருதப்படும்.'

"இதைக் கிழிச்சிடுங்கண்ணே."

"நல்லா கிழிச்சேன் போங்க! கையெழுத்துப் போட்டவங்க வந்து சொல்லட்டும்."

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய கையெழுத்து.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் சாப்பிடும்போது தம்பி புலம்பினான், முன்னால் நிற்கிறவன் குறட்டை விடுகிறான், பின்னால் நாங்கள் வெயிலில் வேகிறோம் என்று. மறுநாள் மேனேஜர் விடுப்பு. இஞ்சின் ஓடினால் எவனும் தூங்கமாட்டான் என்று, மேனேஜருக்காக எனப் போட்டு இவளே தட்டச்சு செய்து, கையெழுத்திட்டுக் கிடங்குக்கு அனுப்பிவிட்டாள். தம்பிக்கு ஒரு உபகாரம். அதோடு மறந்தும் போனாள். அன்றிலிருந்து மாதாமாதம் அந்தப் புகையை டன் டன்னாக ஏற்றியதும் இதே கைதான்.

"நான்தாண்ணே போட்டேன்" என்றாள்.

வாட்ச்மேன் லேசில் நம்புகிற ஆளா? அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, ஒரு தாளில் இன்னொரு கையெழுத்தும் போடச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் சுரண்டி எடுத்தார்.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் அந்த அறிவிப்பையும் தேதியையும் எழுதி, கூடவே தன் பெயரையும் எழுதினாள். மேனேஜர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"பேரை எடுத்துடும்மா. உன்னைச் சும்மா விடமாட்டாங்க."

"எடுத்தா யார் போட்டதுன்னு கேப்பாங்க. பதில் இல்லேன்னா மறுபடி பழைய வண்டி தலையிலதான் விழும். என் பேரு இருந்தா அந்த இருபதும் ஓடும்ல சார்?"

"வண்டி ஓடும். உன் வேலைதான்..."

அவர் முடிப்பதற்குள் அவர் கணினியிலேயே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். அறிக்கை போய்விட்டது.

தன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, வழக்கம்போல அடுத்த வண்டியின் டீசலை ஏற்றப் பார்த்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக எண் தப்பாக விழுந்தது. அழித்தாள், மறுபடியும் தப்பாகவே விழுந்தது.