மூன்று கிலோ காட்டிய பெட்டிகள்

அருள்நாயகிக்குக் கொடுபடாமல் நின்ற கூலி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு டொலர் இருபது சதம். அது கடைசிச் சதம் வரைக்கும் கைக்கு வரும்வரை, அவர் கட்டிய ஐந்து கிலோக் கோழிப்பெட்டி எந்தத் தராசிலும் ஐந்து காட்டவில்லை.

நோபல் பார்க்கிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் அந்தக் கோழித் தொழிற்சாலை இருந்தது. எலும்பு கழற்றும் மேசைக்கு இந்தப் பக்கம் பெண்கள் இருபத்துமூன்று பேர், அந்தப் பக்கம் ஆண்கள். ஒரே கத்தி, ஒரே குளிர், ஒரே கோழி. ஆண்களைக் கம்பனி நேரடியாக எடுத்து மணித்தியாலத்துக்கு முப்பது டொலர் கொடுத்தது. பெண்களை ஞானேந்திரன் என்ற ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்துப் பதினெட்டுக் கொடுத்தது. பன்னிரண்டு டொலர், பெண்ணாகப் பிறந்ததற்கு வெட்டு. ஞானேந்திரன் மன்னார்க்காரர், கோயில் சபையில் முன்வரிசை, அருள்நாயகியின் மகள் டிலக்சியை ஞானஸ்நானத்தில் தூக்கிய ஞானத்தகப்பன். வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் நாலு பக்கப் பேப்பரை நீட்டினார். ஞானத்தகப்பன் நீட்டிய பேப்பரை அவர் முன்னாலேயே வாசித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று அருள்நாயகி வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். மற்றப் பெண்களும் அவரைப் பார்த்தே வைத்தார்கள். அந்த மரியாதையின் விலைதான் மேலே சொன்ன தொகை.

எதிரில் நின்ற றொகானின் சம்பளத் துண்டு ஒருநாள் தேத்தண்ணி அறையில் விழுந்து கிடந்தது. அருள்நாயகி அதை எடுத்துக் கொடுக்கும்போது பார்த்துவிட்டார். அன்றைக்கே ஞானேந்திரனிடம் போனார்.

"அண்ணை, அவனுக்கு முப்பது, எனக்குப் பதினெட்டு. ஏன்?"

"அவன் குடும்பம் கொண்டு நடத்துறவன், பிள்ளை."

"அப்ப நான் ஆற்றை குடும்பத்தை நடத்துறன்? பக்கத்து வீட்டுக்காரற்றயோ?"

"உன்ர பிள்ளையைக் கோயிலில தூக்கின கை இது. என்னட்டயே கணக்குக் கேக்கிறியோ? உன்ர விசா அலுவல் இன்னும் முடியேல்லை, அதையும் நினைச்சுக் கொள்."

அடுத்த நாள் காலை ஆறரைக்குப் பெண்கள் கட்டிய முதற்பெட்டி தராசில் மூன்று கிலோ காட்டியது. இரண்டாவதும் மூன்று. ஆண்களின் பெட்டி ஐந்து. தராசைத் திருத்த சிட்னியிலிருந்து ஒருவர் வந்தார். தானே ஏறி நின்றார், எண்பத்திரண்டு கிலோ, சரி என்றார், போய்விட்டார். றொகானின் பெயர்த்துண்டைப் பெண்களின் பெட்டியில் ஒட்டினார்கள். மூன்று. ஸ்பிரிங்வேல் இறைச்சிக் கடைக்காரர் தன் தராசில் வைத்தார். அங்கும் மூன்று. கடைசியில் அலுவலகத்தில் இருந்த கணக்குப் பிள்ளை பதினெட்டை முப்பதால் பிரித்து ஐந்தால் பெருக்கிவிட்டு, விடையை ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தார். சோதித்துப் பார்க்கக் கம்பனி ஒரு டொலர் கூட்டியது. பெட்டி நூற்று அறுபத்தாறு கிராம் கூடியது.

தராசை ஏமாற்ற ஒரு வழி இருந்தது. எட்டுக் கிலோவுக்குக் கிட்டத் திணித்தால் ஐந்து காட்டும். கம்பனி அதையும் செய்தது. மூடி மூடாமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஸ்பிரிங்வேல் சாப்பாட்டுக் கடைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, பொம்பிளையள் கட்டின பெட்டிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கின. ஐந்து பேருக்குச் சமைத்தால் எட்டுப் பேர் சாப்பிட்டார்கள். கூலியில் பிடித்ததெல்லாம் இறைச்சியாக வெளியே போனது. பெண்களின் கூலியில் கம்பனி வருடக்கணக்கில் பிடித்த மிச்சம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கோழி போனபோதுதான் கம்பனிப் பெரியவர்கள் கூட்டம் வைத்தார்கள்.

கூட்டம் முடிய ஞானேந்திரன் மறுபடி பேப்பரோடு வந்தார். இனிமேல் எல்லோருக்கும் முப்பது, பழைய பாக்கியைக் கேட்கமாட்டோம் என்று கையெழுத்து வைக்கவேண்டும். பேனையையும் அவரே திறந்து நீட்டினார். அருள்நாயகி கதிரையில் அமர்ந்து, கையுறையைக் கழற்றி, பேப்பரை அனோஜினியிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்று கோழி வெட்டும் அனோஜினி இங்கே பள்ளிக்கூடம் படித்தவள், இங்கிலிஷ் வாசிப்பாள்.

"சத்தமா வாசி. ஒரு வரியும் விடாத."

"எல்லாத்தையுமோ, அன்ரி? ஏழு பக்கம்."

"ஏழையும் வாசி. அண்ணை நிக்கட்டும். நாங்கள் எட்டு மணித்தியாலம் நிக்கிறம்தானே."

அவள் வாசித்து முடிக்கும்வரை ஞானேந்திரன் பேனையோடு நின்றார். மூடி திறந்து நின்ற பேனை காய்ந்துபோனது. இருபத்துமூன்று பேரில் ஒருவரும் வைக்கவில்லை. பதினொரு கிழமை அவர் விசாவைச் சொன்னார், பாதரைச் சொன்னார், ஊரில் இருக்கிற சகோதரங்களைச் சொன்னார். நாலு பேரை மாற்றிப் புதுப் பெண்களை எடுத்தார். புதியவர்களின் பெட்டியும் குறைத்துத்தான் காட்டியது, ஏனென்றால் அவர்களுக்கும் அதே கூலி. பழைய நாலு பேரும் திரும்ப வந்தார்கள். இதற்குள் இவர்களுக்காக ஆண்கள் பக்கம் கத்தி கீழே வைக்கப்பட்டது. முதலில் வைத்தவன் றொகான்.

கடைசியில் கம்பனி இறங்கி வந்தது; கூலி முப்பதானது, ஒரு வியாழக்கிழமை பழைய பாக்கியும் எல்லோரின் வங்கிக்கும் வந்து சேர்ந்தது. அன்று மத்தியானம் இருபத்திரண்டு பேரின் பெட்டிகள் ஐந்து காட்டின. அருள்நாயகியின் பெட்டி மட்டும் நாலு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது கிராம். போனை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. சதத்தை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். மேசைக்குக் கோழி கொண்டுவரும் பெல்ட்டை நிற்பாட்டினார்.

ஞானேந்திரன் ஓடி வந்தார். "இருபது சதம்தானே பிள்ளை, விடன்."

"விட்டு விட்டுத்தானே அண்ணை நாப்பத்தோராயிரம் வந்தது."

மேசையின் இரண்டு பக்கமும் ஒருவரும் அசையவில்லை. அவர் காற்சட்டைப் பைகளைத் துழாவினார், கார்த் திறப்பையும் செபமாலையையும் வெளியே எடுத்தார், அடியில் கிடந்த இருபது சதக் குற்றியை எடுத்து, முன்பு பிள்ளையைத் தூக்கிய கையால் நீட்டினார். அருள்நாயகி வாங்கினார். தராசு ஐந்து காட்டியது. குற்றியைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டு, புதுக் கையுறை மாட்டி, பெல்ட்டை ஓடவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தார்.