கட்டாயக் கட்டம்

பள்ளிகளுக்கான சேர்க்கை மென்பொருளை அவளும் கணவனும் ஒரே அலுவலகத்தில் எழுதினார்கள். அவன் குழுத் தலைவன். குழந்தைக்கு என்ன நோய் என்ற கட்டம் காலியாக இருந்தால் பதிவைச் சேமிக்கவே முடியாது. அந்த விதியை எழுதியது அவள்.

"ஒண்ணும் இல்லைன்னா 'இல்லை'ன்னு அடிக்கட்டும். கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று கூட்டத்தில் மல்லுக்கு நின்றாள்.

"இந்த ரூல்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் பொறுப்பு" என்று அவனும் எல்லார் முன்னாலும் சொன்னான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மகளின் பள்ளியிலும் அதே மென்பொருள்தான்; அவள் சேர்க்கையை அவனே போட்டான். விதி இருக்கும்போது மகளின் வலிப்பைப் பற்றி ஆசிரியையிடம் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

இன்று காலை வகுப்பில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. அவனுக்குத்தான் போன் வந்தது, இருவரும் ஓடினார்கள். விவரம் தெரியாத ஆசிரியை, பாவம், வாயில் கரண்டியைத் திணித்திருக்கிறாள். பல் உடைந்து, உதடு கிழிந்து, எப்படியோ குழந்தை பிழைத்தாள்.

"பதிவுல ஒண்ணுமே இல்லையேம்மா. காலியா இருக்கு" என்றாள் பள்ளி நர்ஸ்.

காலியா? அதற்கு வழியே இல்லையே! வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். எந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். விதியை நீக்கியவன் அவன்தான், மகளுக்குச் சேர்க்கை போட்ட அன்றே.

அவன் கதவருகே நின்றான். "வலிப்புன்னு போட்டா சீட் குடுத்திருப்பாங்களா? நான் பொய் எழுதலையே. காலியாத்தானே விட்டேன்."

"அதுக்காக எல்லாக் குழந்தைங்களுக்கும் சேர்த்தா எடுத்துப் போட்டே?"

"ஒரே ஒரு வரி. இதுக்குப் போய்..."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'இல்லை' என்று பொய் அடிக்க ஐயாவுக்கு மனசாட்சி இடம் தரவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பிடுங்க மட்டும் தாராளமாகத் தந்திருக்கிறது. சொந்தப் புருஷனே கழுத்தறுத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

விதியைத் திரும்பப் போட்டாள். மகளின் பதிவைத் திறந்து நோயை எழுதினாள். அதற்குக் கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் அவன் எண் இருந்தது. அழித்தாள். கட்டம் சிவந்தது: காலியாக விடக் கூடாது.

அதுவும் அவள் எழுதிய விதிதான். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே தன் எண்ணை அடித்துச் சேமித்தாள்.