நகமும் உதடும்

அர்த்தநாரிக்கு நாக்கில் இருந்த சுறுசுறுப்பு ஏர் பிடிக்கிற கையில் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். திருச்செங்கோட்டுச் சந்தையிலிருந்து திரும்புகிற வழியில்தான் அவன் வீடு. வண்டியை அவிழ்த்துவிட்டு வாசல் வேம்படியில் நாலு பேர் உட்கார்ந்தால் போதும், சாமி உண்டா இல்லையா என்று ஆரம்பித்துவிடுவான். எதிர்வாதத்துக்குத் தையல்காரர் சின்னுசாமி இருந்தார். சாமி இல்லை என்கிற கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து நெற்றியில் திருநீறு வைக்காதவர்.

"உன்ற தையல் மிஷின் தானா மொளச்சு வந்துதா, சின்னுசாமி? சக்கரம் சுத்துது, ஊசி எறங்குது, நூலை இழுத்து முடிச்சுப் போடுது. ஒருத்தன் ரோசனை பண்ணிச் செஞ்சிருக்கறான். ஒரு மிஷினுக்கே செஞ்சவன் வேணும்னா இந்தக் கண்ணு, காது, வெரலுக்கெல்லாம் வேண்டாமா?"

"மிஷின் கம்பெனிக்குக் காயிதம் போட்டா பதில் வருதுங்க. உங்க கம்பெனிக்கும் ஒண்ணு போட்டுப் பாருங்க. என்ன, தபால்காரன் கோயில் மலை ஏறோணும்."

சிரிப்பு உள்ளே வரைக்கும் கேட்கும். அவன் பெண்டாட்டி மாரக்காள் அடுப்படியில் கடலைக்காய் உரித்துக்கொண்டு கேட்டிருப்பாள். அவள் எப்போதும் புருஷன் கட்சி. கல்யாணமாகி நெடுநாள் கழித்து வந்த வயிறு அது. உள்ளே பிள்ளை புரளும்போதெல்லாம் யாரோ அங்கே விளக்கேற்றி வைத்துக்கொண்டு, பொறுமையாக, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றும். அவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று திரும்பிப் படுக்கக்கூட யோசிப்பாள்.

கிரகணத்தன்று அவளை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள் புருஷனின் அக்காள் சாலம்மாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வெளிச்சம் படக் கூடாது, கத்தி அருவாள் தொடக் கூடாது, நகத்தால் எதையும் கிள்ளக் கூடாது. மாரக்காள் பாயில் நேராகப் படுத்துக் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

மாசம் நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் வாதம் முற்றிப்போய் அர்த்தநாரி எழுந்து நின்றான். "எனக்கு ஒரு புள்ள பொறக்கப் போவுது. அதைக் கொண்டாந்து உன்ற கையில குடுக்கறேன். அந்த நகத்தைப் பாத்துட்டுச் சொல்லு, செஞ்சவன் இல்லைன்னு."

"சாட்சியைக் கொண்டாங்க. நானே மொதச் சொக்காய் தச்சுப் போடறேன்" என்றார் சின்னுசாமி.

அன்றிலிருந்து ஊரில் எல்லாரும் வயிற்றில் இருந்த பிள்ளையைச் சாட்சி என்றே கூப்பிட்டார்கள். மாரக்காளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சந்தைநாள் ஒன்றில், அர்த்தநாரி விடியுமுன் வண்டி கட்டிப்போன பிறகு, அவளுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி ஆராயி எந்தப் பிரசவத்திலும் வாய் ஓயாதவள். பிள்ளை தலை தெரிவதற்குள் பெற்றவள், போட்டவன் இருவரையும் கேலி பேசி முடித்திருப்பாள். பிள்ளை வந்து அழுதது. ஆராயியிடமிருந்து சத்தமே இல்லை.

"என்ன கொழந்தைங்க?" என்றாள் மாரக்காள்.

"பொட்டப்புள்ளைங்க, சாமி."

துணியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் கிடத்தினாள். துணிக்கு வெளியே ஒரு கை வந்திருந்தது. மாரக்காள் நகத்தைத்தான் முதலில் பார்த்தாள். நொய்யரிசி போல, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துணியை விலக்கினாள்.

மேலுதடு நடுவில் இல்லை. மூக்கு வரைக்கும் பிளந்து, உள்ளே ஈறு சிவப்பாகத் தெரிந்தது.

யாரோ கிழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். தொப்புள்கொடி அறுத்த கத்தியைத் தேடினாள். அது தூரத்தில் கழுவிச் சுத்தமாகக் கிடந்தது. தன்னுடைய உதட்டைத் தடவிப் பார்த்தாள்.

"கெரகணத்தன்னிக்கு என்னத்தை வெட்டுன?" என்றாள் சாலம்மாள்.

"ஒண்ணும் வெட்டலீங்க, நங்கையா. நீங்கதான கதவைச் சாத்துனீங்க."

"நீ ஒண்ணும் பண்ணாம அவன் சும்மா கிழிப்பானா?"

பகல் முழுக்க மாரக்காள் அந்தக் கிரகண அறைக்குள் மறுபடியும் படுத்துக் கிடந்தாள், நினைப்பில். பாய், இருட்டு, வியர்வை, கட்டிய கை. உச்சிப் பொழுதுக்குப் பிறகு அது கிடைத்தது. வயிறு விரிந்த தோலில் நமைச்சல். சொறிந்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை, தூக்கக் கலக்கத்தில், நகத்தால். மேலிருந்து கீழாக.

அப்போது வந்த பயம் பிள்ளையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும்போது வண்டிச் சத்தம் கேட்டது. சுகப்பிரசவம் என்று மட்டும் யாரோ வழியில் சொல்லியிருந்தார்கள். வாசலில் ஒரே கூட்டம்.

"அர்த்தநாரீ, சாட்சி வந்துருச்சாமே! கூண்டுல ஏத்துங்க!"

அவன் சிரித்த முகத்தோடுதான் உள்ளே வந்தான். பார்த்தான். நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தான். பிறகு அந்தக் கையால் கதவைச் சாத்தினான். பேசியது அக்காளிடம்தான்.

"பொறந்து பொழைக்கலீன்னு சொல்லீரலாம்."

அவன் வாய் தவறிச் சொல்கிறான் என்று மாரக்காள் நினைத்தாள். "அழுவுதுங்களே" என்றாள், அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது போல.

"அந்த வாயில பாலு நிக்காது" என்றாள் சாலம்மாள். "நாமளா ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுவே அடங்கீரும்."

ஆராயி மூலையில் தலை குனிந்து நின்றாள். மாரக்காள் புருஷன் முகத்தையே பார்த்தாள். அதில் கொடுமை எதுவும் இல்லை. தோற்றுப்போகப் போகிற பயம்தான் இருந்தது. வெளியே உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்கு முன்னால் தோற்கிற பயம். இதற்காகவா?

"ஏனுங்க, இந்த நகமெல்லாம் ஆரு செஞ்சது?"

அவன் பிள்ளையின் கையைக் குனிந்து பார்த்தான்.

"சொல்லுங்க. நீங்கதான சொல்லுவீங்க."

"சாமிதான்."

"ஒதடு?"

அவன் அக்காளைப் பார்த்தான்.

"நகம் அவரு, ஒதடு நானுங்களா?"

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. மறைத்து வைத்திருந்த கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். களை பிடுங்கித் தேய்ந்த நகம். ஒரு சொறிதலில் கிழிந்துபோகுமென்றால் விளக்கேற்றிச் செய்தவருடைய வேலை அவ்வளவு மெல்லிசா?

பிள்ளையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஆராயி ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற உடம்போடு, தீட்டோடு, கதவைத் திறந்து வாசலுக்கு வந்தாள். கூட்டம் பதறி விலகியது. சின்னுசாமி மட்டும் விலகவில்லை. கையில் பொட்டலம்போல ஒரு சின்னத் துணி, சொன்னபடி தைத்துக் கொண்டுவந்த சொக்காய். கிட்ட வந்து பார்த்தார். அவர் கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம் ஏறியது.

"பாருங்கய்யா! இதைத்தான நான் கத்திக்கிட்டிருந்தேன்? இப்படி ஒரு துணியைத் தச்சுக் குடுத்தா எவனாச்சும் கூலி குடுப்பானா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மாரக்காள் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே இருந்த புருஷனுக்குப் பயம்; இவருக்குச் சந்தோஷம். பிள்ளையின் முகத்தை வைத்து.

"அவ பசியா இருக்கறாளுங்க, அண்ணா" என்றாள்.

சின்னுசாமியின் முகம் கறுத்தது. சொக்காயை எங்கே வைப்பதென்று தெரியாமல் தோள் துண்டுக்குள் செருகினார்.

அவள் வேம்படியில் கிடந்த கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு பிள்ளையை மாரில் வைத்தாள். வாய் கவ்வப் பார்த்தது. பிளவு வழியாகக் காற்றுதான் போனது. கசிந்த பால் கன்னத்தில் வழிந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் வழிந்தது. பிள்ளை கோபத்தில் கத்தியது.

"நாஞ் சொன்னனே" என்று உள்ளேயிருந்து சாலம்மாள் குரல் வந்தது.

மாரக்காள் நிமிர்ந்தாள். எதிரே மலை சாயங்கால வெயிலில் சிவந்து நின்றது. மேலே இருக்கிற சாமியும் பாதி ஆண், பாதி பெண். உச்சி முதல் பாதம்வரை நடுவில் பிரிந்து நிற்கிறவர். எந்தக் கிரகணத்தில் எவள் சொறிந்தாள் என்று அவரைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

பிள்ளையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தாள். கட்டைவிரலைப் பிளவின்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். சொறிந்த கைதான். காற்று நின்றது. அவள் முதுகுத்தண்டு வரைக்கும் ஒரு இழுப்பு. பிறகு, மடக் என்று ஒரு சத்தம். இன்னொன்று.

"வாங்கய்யா போலாம்" என்று சின்னுசாமி தணிந்த குரலில் சொல்வது கேட்டது. செருப்புச் சத்தங்கள் தேய்ந்தன. அர்த்தநாரி வாசற்படியில் வந்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க" என்றாள். "குடிக்கட்டும்."

அவன் அப்படியே நின்றான். விரல் அந்தப் பிளவில் அளவெடுத்தது போல் உட்கார்ந்திருந்தது. அளவெடுத்தது யார் என்று யோசிக்க அவளுக்கு அப்போது கை ஒழியவில்லை. விரலை அசைத்தால் பால் வழிந்துவிடும்.