ஃபிளெக்ஸில் ஏறிய கோள்

வடக்கனந்தலில் பாரதி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சரவெடி வெடித்தது. பயந்துபோய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் வந்த கரியாலூர் பஸ் அந்தப் புகைக்குள்ளேயே மலைப்பக்கம் கிளம்பிப் போனது.

புகை விலகியதும் எதிரே ஃபிளெக்ஸ். ‘புதிய கோள் கண்ட எங்கள் அக்கா பாரதியே வருக!’ அவள் முகத்துக்குப் பக்கத்தில் வளையத்தோடு சனிக்கோள். கீழே தம்பி அஜித்தும் கூட்டாளிகளும் கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி.

“இன்னாடா இது?”

“உன் கோளு போட்டோ கெடைக்கலக்கா. பிரிண்ட் போடறவரு இத வெச்சுட்டாரு,” என்றான் அஜித், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன்.

பாரதியால் சிரிக்க முடியவில்லை. தூரத்து நட்சத்திரம் ஒன்றின் வெளிச்சம் சீராக இடைவெளி விட்டு மங்குவதை அவள்தான் கண்டுபிடித்தாள். குறுக்கே கோள் ஒன்று போகிறது என்று நம்பி வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறும்போது, பெங்களூரிலிருந்து பேராசிரியரின் மெயில் வந்தது. பெரிய தொலைநோக்கியில் பார்த்துவிட்டார்கள். அது கோள் இல்லை.

‘இன்னும் படிச்சிக்கினே கீது’ என்று சொந்தபந்தம் சிரித்ததில், சாதிக்காமல் ஊருக்கு வரமாட்டேன் என்று இரண்டு பொங்கலுக்கு வராமல் இருந்தவள் அவள். இன்று வந்தாள், வெறுங்கையோடு.

அம்மா இருசம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பு வரை தொங்கிய முடி இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

“இன்னாம்மா இது?”

“வேண்டுதலு. நீ பஸ் ஏறிட்டேன்னு ராத்திரி போன் பண்ணியே, விடிஞ்சதும் மாரியம்மனுக்குக் குடுத்துட்டேன். வா, வெயிலு சுள்ளுங்குது.”

களையெடுக்கிற பெண்கள் எல்லாம் கண் வைக்கிற முடி.  மெயில் விஷயத்தை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா?

வீட்டில் அம்மா கறிக்குழம்பை ஊற்றினாள். பாரதி உருட்டிய முதல் கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

“அம்மா, அது கோளு இல்லம்மா.”

கரண்டி நின்றது.

“நான் பாத்த நட்சத்திரத்துக்குப் பின்னாடி ரொம்பத் தூரத்துல ரெண்டு நட்சத்திரம். ஒண்ண ஒண்ணு சுத்திக்கினு, மறைச்சிக்கினு இருக்குது. அந்த மங்கல் இதோட கலந்து தெரிஞ்சிச்சு. நான் கோளுன்னு நம்பிட்டேன்.”

அஜித் விரலை நக்கினான். “அதான் அந்தாளு சனிய வெச்சாரா? வெளங்கிடும்.” பிறகு தணிந்த குரலில், “பொழுது சாய்ஞ்சதும் கழட்டிடறேன்க்கா. நீ துன்னு.”

பாரதி அம்மாவின் தலையைப் பார்த்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது.

“ஒண்ணும் இல்லாததுக்குப் போயி உன் முடியக் குடுக்க வெச்சிட்டேனேம்மா.”

அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

“கோளுக்கு யாருடி வேண்டிக்கினா? நீ வூடு வந்து சேரணும்னுதானே வேண்டிக்கினேன்.”